அப்பா கடவுளை மறந்துவிட்டார். கடவுள் என்று நாம் சொல்வது எதை?

வைகறை எழுதியது:

என் அப்பாவுக்கு 81 வயது. ஆல்சைமர் நோய் என்று தெரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் அவருடைய இரண்டாவது மகள், எனக்கு 49. பதினெட்டு வயதிலிருந்து எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கேட்கிறவள் எங்கே நின்று கேட்கிறாள் என்று தெரிந்தால் உங்களுக்குப் பதில் சொல்ல எளிதாக இருக்குமே என்றுதான் இதை முதலிலேயே சொல்கிறேன். எந்த மதம் என்று மட்டும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்தப் பக்கம் போய்விடும்.

அப்பா அறுபது ஆண்டுகளாக ஒரு காரியம் செய்துவந்தார். விடிவதற்கு முன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, சன்னல் பக்கம் நின்று, கண்ணை மூடிப் பெயர்களைச் சொல்வார். வேண்டுதல் எதுவும் இருக்காது. இவனுக்கு வேலை கிடைக்கணும், அவளுக்கு உடம்பு தேறணும் என்றெல்லாம் கேட்க மாட்டார். பெயர் மட்டும்தான். ஒரு பெயர், ஒரு மூச்சு, அடுத்த பெயர். என் அம்மா பெயர் முதலில் வரும். பிறகு அண்ணன், அக்கா, நான். நான் நாலாவது. அப்புறம் அவருடைய உடன்பிறந்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள், கடன் வாங்கித் திருப்பித் தராமலே போன ஒருவர், அப்பாமேல் பொய்ப்புகார் எழுதிப்போட்ட ஒருவர். இறந்துபோனவர்களின் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்க மாட்டார். அம்மா போய் எட்டு வருடம் ஆன பிறகும் முதல் பெயர் அம்மாவுடையதுதான்.

சின்ன வயதில் அந்தக் குரலில்தான் எனக்கு விழிப்பு வரும். நாலாவது பெயர் வரும்வரை கண்ணைத் திறக்காமல் காத்திருப்பேன். வந்ததும் மறுபடி தூங்கிவிடுவேன்.

பதினெட்டு வயதில் ஒரு ராத்திரி அவரிடம் சொன்னேன், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை அப்பா, நடிக்கவும் முடியாது என்று. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிம்மா, போய்ப் படு" என்றார். மறுநாள் விடியற்காலையில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அம்மா, அண்ணன், அக்கா, நான். அதே மூச்சு, அதே இடைவெளி. அதற்குப் பிறகு அவர் என்னிடம் இதைப் பற்றி ஒரு நாளும் வாதிட்டதில்லை.

இப்போதும் அதே நேரத்துக்கு எழுகிறார். அதே சன்னல் பக்கம் கைகூப்பி நிற்கிறார். பெயர்கள் மட்டும் இல்லை. போன மாதம் கேட்டேன், "யாரைப்பா கும்பிடறீங்க?" "யாரையும் இல்லையே, சும்மா நிக்கறேன்" என்றார். "கடவுள்கிட்ட பேசுவீங்களே அப்பா?" என்றேன். என் முகத்தைப் பார்த்து, புதிதாக வீட்டுக்கு வந்த ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல, அத்தனை மரியாதையாக, "அது யாரு?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் அழுத அழுகை அம்மா போனபோதுகூட அழுததில்லை. நம்பாதவள் நான். எனக்கு ஏன் இப்படி வலிக்க வேண்டும்?

என் கேள்விகள் இவைதான். கடவுள் அப்பாவின் மூளைக்குள் மட்டும் இருந்தவர் என்றால், அறுபது ஆண்டுகள் அவர் சொன்னதெல்லாம் வெறும் சுவரிடம் சொன்னதா? வெளியே உண்மையாகவே ஒருவர் இருக்கிறார் என்றால், ஒரு நாள் தவறாமல் தன் முன்னால் வந்து நின்ற மனிதர் தன்னையே மறக்கும்படி அவர் எப்படி விட்டார்? இரண்டுக்கும் அடியில் இன்னொன்று. கடவுள் "இருக்கிறார்" என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம்? இந்த மேசை இருப்பதுபோலவா?

"கடவுள் என்றால் அன்பு" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது பொய் என்று நினைக்கவில்லை. என் கேள்வி அந்த இடத்தில் நிற்கவில்லை.


கணக்காசிரியர் எழுதியது:

சகோதரி, 34 ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒன்றை நிறுவுவது என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும். அதனால் உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

கடவுள் இருப்பதை நிறுவப் பார்த்தவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் 11ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவத் துறவி ஆன்செல்ம். இதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்கவே முடியாது என்கிற அளவுக்குப் பெரியது எதுவோ அதுதான் கடவுள். அது நினைப்பில் மட்டும் இருந்தால், நினைப்புக்கு வெளியிலும் இருக்கும் ஒன்று அதைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே அது வெளியிலும் இருந்தே ஆக வேண்டும் என்றார். அவர் வாழ்ந்த நாளிலேயே கௌனிலோ என்ற துறவி, இதே வழியில் போனால் குறையே இல்லாத ஒரு தீவும் கடலில் எங்கோ இருந்தாக வேண்டுமே என்று மடக்கினார். 1781இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் இன்னும் ஆழமாகக் கை வைத்தார். மனதில் நினைத்த நூறு நாணயத்துக்கும் கையில் இருக்கும் நூறு நாணயத்துக்கும் கருத்தளவில் ஒரு வேறுபாடும் கிடையாது. "இருக்கிறது" என்பது ஒரு பொருளின் குணங்களோடு சேர்த்து எண்ணக்கூடிய இன்னொரு குணம் கிடையாது என்றார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

இன்னொருவர் நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபைச் சேர்ந்த உதயணர். பானையைப் பார்த்தால் குயவர் இருந்தார் என்று தெரிகிறது, உலகமும் அப்படிச் செய்யப்பட்ட ஒரு காரியம்தான் என்பது அவர் வைத்த வாதங்களில் ஒன்று. அவருக்கு எதிராக நின்றவர்கள் பௌத்தர்களும் சமணர்களும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேதச் சடங்குகளை உயிராகக் கருதிய மீமாம்சகர்களே உலகத்தைப் படைக்க ஒருவர் தேவையில்லை என்று சொன்னவர்கள்தான். ஆகவே நம்பாதவள் என்று சொல்லும்போது ஏதோ வேலிக்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வி வேலிக்கு உள்ளேயும் நெடுங்காலமாக இருக்கிறது.

இன்றைக்குப் பலர் பெருவெடிப்பைக் காட்டி, தொடக்கம் இருந்தால் தொடங்கி வைத்தவர் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதைப் பற்றி ஒரே ஒரு செய்தி. 1931இல் அந்தக் கருத்துக்கு முதல் வடிவம் கொடுத்த ஜார்ஜ் லெமைத்ர் ஒரு பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது அதை விரும்பாதவர் லெமைத்ரேதான். தன் சமன்பாடு தன் பிரார்த்தனைக்கு முட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்த மனிதர். 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் போய்த் தேடினாலும் உங்கள் அப்பா பேசிக்கொண்டிருந்தவர் அங்கே கிடைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது "இருக்கிறார்". மேசை இருக்கிறது. 100க்குள் 25 பகா எண்கள் இருக்கின்றன. எனக்கு முழங்கால் வலி இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே வினைச்சொல், ஆனால் மூன்றும் மூன்று விதமான இருப்பு. வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்வேன்: எல்லோரும் அதை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேசை அங்கேயே நிற்கும். 25 பகா எண்கள் 25 ஆகவே இருக்கும். வலி மட்டும், உணர ஆள் இல்லாவிட்டால் இல்லை. உங்கள் அப்பா மறந்தவர் வலியைப் போன்றவரா, பகா எண்ணைப் போன்றவரா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. பதில் எனக்குத் தெரியாது. 71 வயதில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அறுபது ஆண்டு என்றால் லீப் ஆண்டுகளையும் சேர்த்து 21,915 விடியல். உங்கள் பெயர் பட்டியலில் சேர்ந்த பிறகு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நடந்த ஒன்றை நடக்காததாக ஆக்க எதனாலும் முடியாது. அவர் மறந்தாலும் சரி, நீங்கள் மறந்தாலும் சரி, அந்த எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையாது.


இரவுப்பணி எழுதியது:

அக்கா, நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் 22 வருடமாகச் செவிலியர். பெரும்பாலும் ராத்திரி வேலை. கடவுள் இல்லை என்பது என் முடிவு. அதை உங்களிடம் மழுப்பாமல் சொல்வதுதான் மரியாதை என்று நினைக்கிறேன்.

பிரார்த்தனையைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு. இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்காக அந்நியர்கள் பிரார்த்தனை செய்தார்கள், இன்னொரு பிரிவினருக்காகச் செய்யவில்லை. தங்களுக்காகச் செய்கிறார்களா இல்லையா என்பது இரண்டு தரப்புக்கும் தெரியாது. சிக்கல் வந்தவர்கள் 52 சதவீதம், 51 சதவீதம். மூன்றாவது பிரிவினரிடம் உங்களுக்காகக் கட்டாயம் பிரார்த்தனை செய்வார்கள் என்று சொல்லியே செய்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. இது கடவுள் இல்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கூப்பிட்டால் வந்து உதவுகிறவர் என்று நம்புகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

1755 நவம்பர் 1, லிஸ்பன் நகரம். எல்லாப் புனிதர்கள் திருநாள். காலை நேரம், ஆலயங்கள் நிறைய ஜனம், ஏற்றிவைத்த மெழுகுவர்த்திகள். நிலம் நடுங்கியது, கூரைகள் அவர்கள் தலைமேலேயே விழுந்தன, பின்னாலேயே கடல் வந்தது, நகரம் நாள்கணக்கில் எரிந்தது. அன்றைக்கு ஐரோப்பாவில் எழுந்த கேள்வியும் உங்கள் இரண்டாவது கேள்வியும் ஒன்றேதான் அக்கா. அவரைத் தேடிப் போய் நின்றவர்களையே எப்படி விட்டார்? நம் மொழியில் இது இன்னும் பழையது. ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு, இப்படிப் படைத்தவன் பண்பே இல்லாதவன் என்று ஒரு சங்கப் புலவர் நேராகவே சொல்லியிருக்கிறார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பத்து வயதுகூட ஆகாத பிள்ளைக்குக் குழாய்களை எடுத்துவிடும் வேலை என் கைக்கு வந்திருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே யாராவது இருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் அவரை நான் மன்னிக்க மாட்டேன். யாரும் இல்லை என்றால்தான் எனக்கு மூச்சு விட முடிகிறது.

ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு, சுவரிடம் சொன்னதா என்று கேட்டதற்கு, என் பதில் இல்லை என்பதுதான். நீங்களே எழுதியிருக்கிறீர்களே, நாலாவது பெயர் வரும்வரை கண்ணைத் திறக்காமல் காத்திருந்தேன் என்று. அந்தப் பட்டியலைக் கேட்க ஓர் ஆள் நிச்சயமாக இருந்திருக்கிறார் அக்கா. பக்கத்து அறையில் படுத்திருந்திருக்கிறார்.


மூளைநூல் எழுதியது:

அம்மா, நான் நரம்பியல் மேற்படிப்பு மாணவன். சின்னதாக இரண்டு விஷயம்.

அப்பா பெயர்களை மறந்தும் நிற்பதை மறக்காததற்குக் காரணம் இருக்கிறது. ஹென்றி மொலேசன் என்று ஒருவர். 1953இல், 27 வயதில், வலிப்பு நோய்க்காக மூளையின் இரண்டு பக்கமும், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 2008இல் இறக்கும்வரை அநேகமாக எந்தப் புதிய நிகழ்ச்சியும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொல்லி அவருக்குப் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் இதற்கு முன் செய்திருக்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார். பெயரும் நிகழ்ச்சியும் மூளையில் ஓரிடம், பழகிய உடலசைவு வேறோரிடம். ஆல்சைமர் முதலில் கைவைப்பது ஹிப்போகேம்பஸ் பக்கம். சன்னல் பக்கம் போய் நிற்பதும் கைகூப்புவதும் இப்போதைக்கு அதற்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன.

இரண்டாவது, கடவுள் நினைப்பு மூளையில் அழிகிறது என்பதை வைத்துக் கடவுள் மூளைக்குள் மட்டும் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது. உங்கள் அம்மாவின் முகமும் அப்பாவின் மூளையில் அழிந்துகொண்டுதான் இருக்கும். அதனால் அம்மா கற்பனை ஆகிவிட மாட்டார். இதே வாதம் மறுபக்கத்துக்கும் பொருந்தும். அறுபது ஆண்டுகள் அழியாமல் இருந்த நினைப்பு என்பதால் அது உண்மையான ஒருவரைப் பற்றியதுதான் என்றும் சொல்ல முடியாது. நரம்பு செல் இந்த வழக்கில் யார் பக்கமும் சாட்சி சொல்வதில்லை. என் பேராசிரியர்களில் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் எனக்கு இப்படித்தான் தெரிகிறது.


பழுத்தஇலை எழுதியது:

மகளே, எனக்கு 76 வயது. நம்புகிறவன். உன் அப்பாவை எனக்குத் தெரியாது, ஆனால் பட்டியலில் பொய்ப்புகார் எழுதியவர் பெயரும் இருந்தது என்று படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். எனக்கு அது இன்னும் கைகூடவில்லை.

நம்புகிறவர்கள் எல்லோரும் கடவுளை ஒரு பெரிய ஆளாக நினைக்கிறார்கள் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. கிட்டப் போனவர்கள் பேசியதைப் பார்த்தால் அப்படி இல்லை. உபநிடதத்தில் ஒருவர் கேட்கக் கேட்க, இதுவன்று, இதுவன்று என்றே பதில் வருகிறது. கையில் கிடைத்த ஒவ்வொரு வடிவத்தையும் கீழே வைத்துக்கொண்டே போவது அந்த வழி. 13ஆம் நூற்றாண்டில் பிறந்த எக்கார்ட் என்ற ஞானி, கடவுளை என்னிடமிருந்து எடுத்துவிடு என்று கடவுளிடமே வேண்டினார். நாம் பிடித்துவைத்திருக்கும் கடவுள்தான் கடவுளுக்கும் நமக்கும் நடுவே நிற்கிறது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அவர் இறந்த பின், 1329இல், அவர் கருத்துகள் சிலவற்றைத் திருச்சபை கண்டித்தது. எனக்கோ அவர் சொன்னது வயது ஏற ஏறத்தான் விளங்குகிறது.

பாஸ்கலை எல்லோரும் கணித மேதையாகவும் கடவுள் இருப்பதாக வைத்துப் பந்தயம் கட்டுவதே லாபம் என்ற அந்தப் பந்தயக் கணக்குக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1654 நவம்பர் 23, இரவு பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரைவரை அவருக்கு ஏதோ நேர்ந்தது. நெருப்பு என்று ஒரு சொல்லைத் தனியாக எழுதி, தத்துவ ஞானிகளின் கடவுள் அல்ல என்றும் எழுதி, அந்தத் தாளைச் சட்டையின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து அவர் இறந்த பிறகு வேலைக்காரர் ஒருவர் கைக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் அப்படி ஒரு தாள் இருந்ததே வெளியே தெரிந்தது. யாரிடமும் நிரூபிக்க அவர் அதைத் தைத்துவைக்கவில்லை. மறந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் அப்பா "சும்மா நிக்கறேன்" என்றார் என்று எழுதியிருக்கிறாய். சும்மா இருப்பதுதான் கடைசிப் படி என்று தமிழில் பாடியவர்கள் பாடினார்கள். சொல் போனது, பெயர் போனது, யாரைக் கும்பிடுகிறோம் என்பதும் போனது, நிற்பது மட்டும் இருக்கிறது. நோயைப் புனிதமாக்கப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நோய் நோய்தான். ஆனால் கடவுளை நினைவில் வைத்திருப்பது நம் வேலை, மறந்தால் உறவு அறுந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை தூங்கிவிட்டால் தாய் இல்லாமல் போகிறாளா?


இரவுப்பணி எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியது மனதில் நிற்கிறது. ஆனால் தூங்குகிற பிள்ளை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தூங்கிய பிள்ளை எழுந்திருக்கும். நான் பார்த்த பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.


பழுத்தஇலை எழுதியது:

நீ சொல்வது சரி மகளே. அந்த உவமையை நான் எழுதியிருக்கக் கூடாது. என் மகன் ஒன்பது வயதில் போனான். எதற்கு என்று யாராவது காரணம் சொல்ல வந்தால் இன்றைக்கும் எழுந்து போய்விடுவேன். உன்னைப் போன்ற ஒருவர்தான் அன்றைக்கு அவன் பக்கத்தில் இருந்தார். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலே தினமும் கடவுள் முன்னால் நிற்கிறேன், சில நாள் சண்டை போடத்தான் நிற்கிறேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.


வைகறை எழுதியது:

எல்லோருடைய பதிலையும் மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். உடனே எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

கணக்காசிரியர் ஐயா, உங்கள் சோதனையை என் பங்குக்கு நடத்திப் பார்த்தேன். எல்லோரும் மறந்துவிட்டால் என்ன ஆகும்? அப்பாவின் கடவுள் இருப்பாரா என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு வலித்தது எது என்று தெரிந்துவிட்டது. யாரோ ஒருவரிடம் தினமும் என் பெயர் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அந்த யாரோ ஒருவரை நான் நம்பவில்லை, ஆனால் என் பெயர் போகிறது என்பதை நம்பி வாழ்ந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல். வேறு வீட்டில் குடியிருந்தபோதும், அப்பாவோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தபோதும்கூட. தெய்வம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த ஒரே பொருள் இதுதான் போலிருக்கிறது: நம் பெயர் விட்டுப்போகாத ஓரிடம். அப்படி ஓரிடம் அப்பாவுக்கு வெளியே இருக்கிறதா என்று நான் இன்னும் நம்பவில்லை. இருக்க வேண்டும் என்று முதல் தடவையாக ஆசைப்பட்டேன். ஆசைப்படுவதும் நம்புவதும் ஒன்றல்ல என்று தெரியும். அதை ஒன்றாக்கிக்கொள்ளவும் மாட்டேன்.

தங்கச்சி, பக்கத்து அறையில் படுத்திருந்தவர் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் ஒரு நோட்டை எடுத்தேன். அந்த வரிசை எனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்கலாம் என்று தோன்றியது. அண்ணனையும் அக்காவையும் போனில் கேட்டேன். அண்ணனுக்கு முதல் பத்து தெரிந்தது. அக்காவுக்கு அவள் பெயரும் எனக்குப் பிறகு வரும் இரண்டு மூன்றும். எனக்கு 29 வந்தது. மூன்று பேரும் சேர்த்து 31 பெயர் ஆயிற்று. அதில் ஒன்று யாருடையது என்று எங்கள் மூவருக்குமே தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அதையும் அதன் இடத்திலேயே எழுதிவைத்தேன்.

இன்று காலை அவர் எழுந்ததும் நானும் எழுந்தேன். சன்னல் பக்கம் போய் நின்றார். நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து மெதுவாக வாசித்தேன். ஒரு பெயர், ஒரு மூச்சு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பெயர் தாண்டியதும் அவருடைய மூச்சும் அந்த இடைவெளிக்கே வந்துவிட்டதைக் கவனித்தேன். மூளைநூல் தம்பி சொன்ன அதே விஷயம்தான் இது என்று தெரியும். தெரிந்தும் என் குரல் உடைந்தது.

31ஆவது பெயரைச் சொல்லி நிறுத்தினேன். அவர் கைகளை இறக்கவில்லை, காத்திருந்தார். "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

அப்போதுதான் தெரிந்தது, அந்த அறுபது ஆண்டுகளில் தன் பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் அதைச் சொன்னேன்.

"அது யாரு?" என்றார்.

"ரொம்ப வருஷமா எங்க எல்லாரோட பேரையும் சொல்லிட்டிருந்தவர்ப்பா" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா அவரையும் சேத்துக்கோ" என்றார்.